சொல்லி அனுப்புதோம்

வல்லியூரணியில் உலகம்மை டீச்சரைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து வந்தவர்கள் கேசரியைத் தின்று, வாழைக்காய் பஜ்ஜியைத் தின்று, இன்னும் இரண்டு பஜ்ஜியை 'வேண்டாம், வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே தின்று, மேற்கே மலையிலிருந்து சாரல் இறங்குவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து, மாப்பிள்ளையின் அம்மா செருப்புக்குள் ஒரு காலை நுழைத்தபடி, "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புதோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் ஆமென்றும் சொல்லி அனுப்பவில்லை, இல்லையென்றும் சொல்லி அனுப்பவில்லை, அதனால் உலகம்மை இரண்டானாள்.

அந்தப் பக்கத்தில் 'சொல்லி அனுப்புதோம்' என்பதற்கு ஒரே அர்த்தம் கிடையாது. பெண்ணைப் பிடித்துப்போனவர்களும் அதைத்தான் சொல்வார்கள், பிடிக்காதவர்களும் அதைத்தான் சொல்வார்கள், இன்னும் நாலு இடம் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று இருப்பவர்களும் முகம் மாறாமல் அதையேதான் சொல்வார்கள். கொஞ்ச நாள் கழித்துத் தரகர் வந்து தொண்டையைச் செருமினால்தான் எது என்று தெரியும். பெண் வீட்டார் தாமாகப் போய்க் கேட்கக் கூடாது. கேட்டால், பெண்ணைத் தள்ளிவிட அலைகிறார்கள் என்று பேச்சாகிவிடும். டீச்சரின் அப்பா கோமதிநாயகம் மின்வாரியத்தில் இருந்தவர், வேலைக்காலம் முழுக்க ஊரார் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தவர், ஆனால் தாயில்லாமல் தானே வளர்த்த மகளின் காரியத்தில் எட்டிப் பார்க்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. தரகர் கடற்கரையாண்டியோ, நாகர்கோவில்காரர்கள் நேரிலேயே பதில் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து அடுத்த ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாகர்கோவில்காரர்களோ தரகர் சொல்லியிருப்பார் என்று சும்மா இருந்துவிட்டார்கள். பார்த்த பெண் பார்த்தபடியே நின்றுபோனாள்.

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம் நாகர்கோவில் பஸ் ஊருணிக்கரையில் வந்து நின்றபோது, கண்டக்டர் ஞானமுத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த டீச்சரைப் பார்த்து வாயிலிருந்த விசிலை எடுத்தார்.

"என்ன டீச்சர், மத்தியானம்தான நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்? என் பஸ்ஸுல ஏறாம எனக்கு முன்னால எப்படி வந்து நிக்கிய?"

"நான் காலைல இருந்து ஸ்கூல்லதான் இருக்கேன்."

"அப்பம் வீட்டுக்காரர் கூட பைக்குல போனது யாரு? கழுத்துல மஞ்சக்கயிறு புதுசா. நான் கும்பிட்டேன், நீங்களும் சிரிச்சிய."

டீச்சர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று கேட்க அவளுக்கு ஆசையாக இருந்தது, ஆனால் கேட்கவில்லை.

ஞானமுத்துவுக்குப் பிறகு, கண் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பார்த்தார்கள், சுசீந்திரம் தேருக்குப் போனவர்கள் பார்த்தார்கள், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போன லாரிக்காரர்கள் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள், டீச்சர் அங்கே மாப்பிள்ளை தாணுமாலயனோடு குடித்தனம் நடத்துகிறாள், இங்கே அப்பாவோடு இருந்து பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறாள். ஊர் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. ஒரு பதில் வராமல் இருந்தால் இரண்டு பதிலுக்கும் இடம் வைக்கத்தானே வேண்டும் என்று எடுத்துக்கொண்டது. ஊருக்கு இருந்த ஒரே மனத்தாங்கல், கோமதிநாயகம் கல்யாணத்தை முடித்துவிட்டு ஒருவருக்கும் ஒரு வாய்ச் சோறு போடவில்லையே என்பதுதான். அவர் வெகுநாள் தலையைக் குனிந்துகொண்டு தெருவில் நடந்தார், கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஒரு வெள்ளிக்கிழமை சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார். டீச்சர்தான் எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள்.

பால் வாங்கப் போன இடத்தில் டீக்கடை மைதீன் பாய் அவளை நேராகவே கேட்டார்.

"நீங்க படிச்சவிய. இது எப்படி டீச்சர் நடக்கு?"

"இது புதுசு இல்ல பாய். ரொம்பச் சின்னச் சின்ன சாமான்லாம் இப்படித்தான் இருக்கு. பாக்காத வரைக்கும் இங்கயும் உண்டு, அங்கயும் உண்டு. பாத்தா ஒரு இடத்துலதான் இருக்கும். கணக்குல ஒரு சந்தேகமும் கிடையாது, இதுவரைக்கும் தப்புனதே இல்ல. அந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம்ங்கிறதுலதான் பெரிய ஆளுகளுக்குள்ள சண்டை."

சண்டை என்றதும் பாய் அடுப்பைத் தணித்தார். பெஞ்சில் இருந்தவர்களும் தினத்தாளை மடித்து வைத்தார்கள்.

"ஒரு கட்சி சொல்லுது, பாக்கிறதுக்கு முன்னால எங்க இருந்துச்சுன்னு கேக்கிறதே தப்பு, கேக்காம கணக்கைப் போடுன்னு. இன்னொரு கட்சி, ரெண்டும்தான் நடக்கு, உலகமே ரெண்டாப் பிரிஞ்சு போவுதுன்னு சொல்லுது. மூணாவது கட்சி, அதெல்லாம் ஒண்ணுமில்ல, அது எப்பவும் ஒரு இடத்துலதான் இருக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு கையைப் பிடிச்சு நடத்திட்டுப் போவுது, நமக்குத்தான் தெரியலைங்குது."

அவ்வளவுதான், வல்லியூரணியில் ஏற்கெனவே இருந்த கட்சிகளோடு இன்னும் மூன்று கட்சிகள் சேர்ந்துகொண்டன. ஊரில் பெண்டாட்டிக்குப் பயந்த ஆண்கள் அத்தனை பேரும் 'கேக்காதே கட்சி'யில் சேர்ந்தார்கள். நஞ்சையை விற்றுவிட்டு வருத்தப்படுகிறவர்கள், அத்தை மகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருத்தப்படுகிறவர்கள், வெளிநாட்டுக்குப் போகாமல் விட்டதற்கு வருத்தப்படுகிறவர்கள் எல்லோரும் 'ரெண்டு உலகக் கட்சி'; அந்த இன்னொரு உலகத்தில் தாங்கள் நன்றாக இருப்பதாக அவர்கள் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்கள். கோவிலுக்குப் போகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் மாதா கோவிலுக்குப் போகிறவர்களும் முதல்முறையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து 'கையைப் பிடிச்சு நடத்துகிற கட்சி' ஆனார்கள். வாக்குவாதம் முற்றும்போது டீச்சரைக் கூப்பிட்டு மத்தியஸ்தம் கேட்பார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று அதில் ஒரு கட்சியும் கேட்டதில்லை.

நாலாவதாக ஒன்று உண்டு. அதை அவள் கடையில் சொல்லவில்லை. எந்தப் பொருளும் தனியே கிடக்கும்போது இப்படி என்றோ அப்படி என்றோ கிடையாது, இன்னொன்றைச் சந்திக்கும்போது, சந்திக்கிற அதற்கு மட்டும்தான், அது இப்படி என்று ஆகிறது என்பது அந்தக் கட்சி. உறவுதான் முதல், பொருள் பிற்பாடு. வகுப்பில் இதை நடத்தும்போது 'உறவு' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதை அழித்து, மறுபடியும் அதையே எழுதுவாள். பிள்ளைகள் டீச்சருக்குக் கையெழுத்து திருப்தியாகவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஞானமுத்து விசேஷச் செய்தி கொண்டுவந்தார். அங்கே டீச்சர் முழுகாமல் இருக்கிறாள், வயிறு நன்றாகத் தெரிகிறது, வடசேரிச் சந்தையில் மாங்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டதும் எதிர்வீட்டு வடிவு அத்தை அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டினாள்.

"அங்க உண்டாயிருக்கான்னா இங்க சும்மா விடலாமா? பெறந்த வீட்டுலதான வளையல் போடணும்? பெறந்த வீடு இங்கதான இருக்கு?"

"அத்தை, என் வயித்துல ஒண்ணும் இல்ல" என்றாள் டீச்சர்.

"இருந்துட்டுப் போவுது. நீ கையை நீட்டு."

மனையில் உட்கார வைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் ஏற்றினார்கள். புளியோதரையும் தயிர்ச்சோறும் தேங்காய்ச்சோறும் கிண்டி வைத்திருந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஆசையாக இருக்கும் என்று ஒவ்வொருத்தியும் ஒரு வாய் ஊட்டினாள். டீச்சருக்கு அப்படி யாரும் ஊட்டி எத்தனையோ காலமாகியிருந்தது, அவள் ஒவ்வொரு வாயையும் மெல்ல மெல்ல நேரமெடுத்துத் தின்றாள். அன்றைக்கு மட்டும் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் கரும்பலகையில் எழுதும்போது வளையல்கள் கலகலவென்று சத்தம் போட்டன, அவள் அவற்றைக் கழற்றவில்லை.

தை மாதம் அங்கே பெண் பிறந்தது. தலைமையாசிரியை விதியை எல்லாம் புரட்டிப் பார்த்து, பிள்ளை எந்த ஊரில் பிறக்க வேண்டும் என்று விதி ஒன்றும் சொல்லவில்லை என்று கண்டுபிடித்து, பிரசவ விடுப்பு கொடுத்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. வடிவு அத்தை பிரசவ லேகியம் கிண்டிக்கொண்டு வந்தாள். டீச்சர் காலையிலும் மாலையிலும் நெல்லிக்காய் அளவு லேகியத்தை விழுங்கிவிட்டு, பிள்ளை இல்லாத வீட்டில், பிள்ளை அழாத பகல் முழுவதும், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞானமுத்து வந்து பிள்ளைக்குக் கோமதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றார். கோமதிநாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்கப்பா" என்றாள் மகள்.

"எப்படிட்டி போக? சம்பந்தம் முடிஞ்சிருந்தா நான் சம்பந்தி. முடியலைன்னா தெருவுல போற ஆளு. யாருன்னு சொல்லி அந்த வாசல்ல ஏற?"

அதன்பிறகு அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. படுக்கையில் விழுமுன் மகளை ஒரு கரை சேர்த்துவிட வேண்டும் என்ற கவலையும் வந்தது. கௌரவத்தை விட்டுத் தரகர் கடற்கரையாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினார். தரகர் கையை விரித்தார். "முதல்ல பாத்தவிய பதில் சொல்லாம இன்னொருத்தரை எப்படிண்ணே கூட்டிட்டு வர? அங்க பிள்ளையும் இருக்கு. நீங்க போயி ஒரு வார்த்தை கேட்டுட்டா நான் மறுநாளே மாப்பிள்ளையோட வாரேன்."

போய்க் கேட்டுவிடுகிறேன் என்று அப்பா சட்டையை மாட்டினார். டீச்சர் வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"கேக்காதியப்பா. கேட்டா ஒண்ணுதான் மிஞ்சும். இல்லைன்னு சொல்லிட்டாவன்னா கோமதி எங்க போவா?"

"ஆமான்னு சொல்லிட்டா?"

"நான் எங்க போவேன்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதைப் பற்றி அவர்கள் பிறகு பேசிக்கொள்ளவில்லை, பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கிய மார்கழியில் ஒரு விடியற்காலை அவர் போய்ச் சேர்ந்தார்.

பங்காளிகள் வந்தார்கள், கொள்ளி வைத்தார்கள், பதினாறாம் நாள் முடிந்ததும் பஸ் ஏறினார்கள். அதற்குப் பின்னால்தான் இரண்டாக இருப்பதன் முழுக் கஷ்டமும் டீச்சருக்குத் தெரிந்தது. வேறு ஒருத்தி இப்படித் தனியாகக் கிடந்தால் வல்லியூரணி விட்டுவைக்காது. துணைக்குப் படுக்க ஒரு ஆளை அனுப்பும், குழம்பு கொடுத்து அனுப்பும், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து ஏன் விளக்குப் போடவில்லை என்று அதட்டும். டீச்சரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. "உங்களுக்கென்ன டீச்சர், அங்க புருசன் பிள்ளைன்னு நிறைஞ்சு இருக்கிய" என்று சொல்லிவிட்டு வடிவு அத்தை உட்பட எல்லோரும் தங்கள் வீட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அங்கே அவள் நன்றாக இருந்ததால் இங்கே அவளை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவள் ஒரு ஆழாக்கு அரிசி போட்டு வடித்தாள், அதிலும் பாதி மிஞ்சியது. அடுப்பு மேடைப் பக்கம் நின்றபடியே தின்றுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். சனி ஞாயிறுகளில் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும். தன் குரல் இருக்கிறதா என்று பார்க்க, திங்கட்கிழமை காலையில் கிணற்றடியில் நின்று தன் பெயரையே ஒருதரம் சொல்லிப் பார்ப்பாள். சாயங்காலமானால் மட்டும் ஊருணிக்கரைக்குப் போய் ஞானமுத்துவிடம், "அங்க எப்படி இருக்கேன்?" என்று கேட்பாள். "ரொம்ப நல்லா இருக்கிய டீச்சர். பிள்ளை ஓடி விளையாடுதா" என்பார் அவர். பிறகு, "பிள்ளை பாட்டுப் படிக்கா" என்றார். அதை வைத்துக்கொண்டு அவள் அடுத்த நாள் வரைக்கும் இருந்துவிடுவாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன், அப்பா இறந்ததற்குத் துட்டி கேட்க ஒருவர் வந்தார். முன்தலை வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது. மருந்துக் கம்பெனிப் பையை வாசல்படியில் வைத்துவிட்டு நின்றார். அன்றைக்குப் பஜ்ஜித் தட்டுக்கு மேலாக ஒரே ஒரு தடவை பார்த்த முகம்தான், இருந்தாலும் டீச்சருக்குத் தாணுமாலயனை அடையாளம் தெரிந்தது.

"மாமா இறந்துட்டதா..." என்று தொடங்கியவர், மாமா என்று சொல்லலாமா என்ற சந்தேகத்தில் அதோடு நிறுத்திக்கொண்டார்.

"உக்காருங்க" என்றாள் டீச்சர்.

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றார். ஆனால் ஊரில் ஒருவனும் அதை நம்பமாட்டேன் என்கிறான், பெண் கேட்டுப் போனால் வீட்டில் பெண்டாட்டியும் பிள்ளையும் இருக்கும்போது வெட்கமில்லையா என்று விரட்டுகிறார்கள், ஓட்டலில் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால், வீட்டில் என்ன சண்டை என்று சர்வர்கூடக் கேட்கிறான் என்றார். ஒருநாளும் அந்த மனைவியையோ பிள்ளையையோ தான் பார்த்ததில்லை, தான் போகும்போது வீடு பூட்டித்தான் கிடக்கும் என்றார்.

"அன்னைக்குத் திரும்பிப் போவும்போது எங்க அம்மை பஸ்ஸுல வச்சு ஒரு வார்த்தை சொன்னா. நானும் சரின்னேன். அதை உங்க வீட்டுல சொல்லியிருக்கணும். தரகர் சொல்லியிருப்பாருன்னு இருந்துட்டேன். இப்பம் அம்மையும் இல்ல. அதைச் சொல்லிட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். சொல்லிட்டா நாம ரெண்டு பேருமே கரையேறிரலாம்."

"வேண்டாம்."

"என்ன பதில்னுகூடக் கேக்க வேண்டாமா?"

"எதுவா இருந்தாலும் ஒருத்தி இல்லாமப் போவா. பிள்ளைக்கு மூணு வயசு ஆவுது."

தாணுமாலயன் கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல், "அப்படின்னா நாம இப்பம் புதுசா ஒரு முடிவு எடுத்துக்கிட்டா?" என்று கேட்டார்.

டீச்சர் அதை உடனே தள்ளிவிடவில்லை. அவர் குரல் நல்ல குரலாக இருந்தது. வாசலில் ஓர் ஆணின் செருப்பு கிடப்பதே அந்த வீட்டுக்கு ஒரு நிறைவாக இருந்தது. சரி என்று சொல்ல நாக்கு துடித்தது, அதை மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது. ஆனால் அவள் படித்த படிப்பு அப்படிப்பட்டது.

"இப்பம் சொல்ற ஆமா, அன்னைக்கு ஆமா ஆகாதுல்லா? அந்த ஆமாவுலதான் கோமதி பிறந்தா. நாம இப்பம் முடிச்சா, அன்னைக்கு முடியலைன்னு ஆயிரும்."

அவர் கைக்குட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஆமா, அது சரிதான்" என்றார். பிறகு இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளைக்கு இடது கன்னத்தில் குழி விழும் என்று பக்கத்துவீட்டுக்காரர் சொன்னதாக அவர் சொன்னார். வெண்டைக்காயைக் கண்டால் ஓடிவிடுமாம் என்று இவள் சொன்னாள். தாங்கள் பார்க்காத பிள்ளையைப் பற்றி அப்படிப் பேசிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம் அவர்கள் அம்மாவும் அப்பாவுமாகவே இருந்தார்கள்.

எழுந்து பையைத் தோளில் மாட்டும்போது அவர் கேட்டார். "அவங்க மத்தியானம் தவறாம வடசேரியில வந்து நிக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே?"

"யாரு?"

"அந்த... நீங்க. பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வல்லியூரணி பஸ் பக்கத்துல வந்து நிப்பாங்களாம். டீச்சர் எப்படி இருக்கான்னு கேப்பாங்களாம். ஊருல எல்லாவனும் என்னைத்தான் ஏசுதான், பொண்டாட்டி கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்கா, நீ என்னல செய்யுதேன்னு."

அவர் திருநெல்வேலி வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். டீச்சர் மத்தியானம் உலை வைக்கவில்லை. ஊருணிக்கரைக்கு வெயிலிலேயே போய், நாகர்கோவில் பஸ் வருகிற வரைக்கும் நின்றாள். ஞானமுத்து இறங்கியதும் அவர் வாயைத் திறக்கும் முன்னால் கேட்டாள்.

"அவ என்னைப் பத்திக் கேக்காளா?"

ஞானமுத்து டிக்கெட் பையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். பொய் சொல்லிப் பழகிய ஆளில்லை, இவ்வளவு காலம் சமாளித்ததே பெரிது.

"கேப்பாவ. ஆரம்பத்துல இருந்தே கேப்பாவ."

"நீங்க என்ன சொன்னிய?"

"டீச்சர் ரொம்ப நல்லா இருக்காவன்னு சொன்னேன். ஸ்கூல்ல எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுதாவ, வீடு நிறைய ஆளுன்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னிய?"

"வேற என்ன சொல்ல? அங்க அவியளை வேலைக்கு விடல. வீட்டுலயும் பேச்சுத் துணை இல்ல. 'நான் அங்கயாவது நல்லா இருக்கேனா?'ன்னுதான் கேப்பாவ. இல்லைன்னு எப்படி டீச்சர் சொல்ல?"

அங்கயாவது. டீச்சர் அந்தச் சொல்லை மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். தினமும் சாயங்காலம் தான் கேட்டதும் அதையேதான். இரண்டு பேருக்கும் ஊர் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் ஞானமுத்து. "அப்பா இறந்த அன்னைக்கு என் பஸ்ஸுல வந்தாவ. பிள்ளையும் கூட இருந்துச்சு. இந்தா, இதே இடத்துல நின்னுச்சு பஸ்ஸு. மேளச்சத்தம் கேக்குது. இறங்கலை. உங்களை நேருக்கு நேராப் பாத்துட்டா யாரோ ஒருத்தருக்கு ஆவாதுன்னு சொல்லி, சேலையை வாயில வச்சு அழுத்திக்கிட்டு, சீட்டுலயே உக்காந்திருந்து, அதே பஸ்ஸுல திரும்பிப் போனாவ."

டீச்சர் ஊருணிப் படிக்கட்டில் உட்கார்ந்து, அப்பா இறந்தபோதுகூட அழாத அழுகையை அழுதாள். அப்பாவுக்காக அன்றைக்கு அழ இரண்டு மகள்கள் இருந்தார்கள் என்பது ஒரு ஆறுதலாகவும், அந்த இன்னொருத்தியின் கண்ணீரைத் துடைக்க ஆளில்லாமல் போனது தாங்கமுடியாத வருத்தமாகவும் இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஞானமுத்து பொறுங்கள் என்று கையைக் காட்டினார்.

"இனிமே உள்ளதைச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் டீச்சர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நான் நல்லா இல்லைன்னு சொல்லுங்க. அடுப்பு மேடைப் பக்கத்துல நின்னுக்கிட்டே திங்கேன்னு சொல்லுங்க. தொட்டுக்கிட ஒண்ணும் வைக்கிறதில்லைன்னு சொல்லுங்க. அவ சொல்றதையும் உள்ளபடி எனக்குச் சொல்லுங்க."

"சங்கடப்படுவாவளே டீச்சர்."

"படட்டும். எனக்காகச் சங்கடப்பட வேற யாரு இருக்கா?"

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து ஞானமுத்து இறங்கும்போது கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. சேலைக் கிழிசலால் மூடியை இறுக்கிக் கட்டியிருந்தது. டீச்சர் அதை நெஞ்சோடு அணைத்தபடி வீட்டுக்குப் போய், இலை போட்டுத் தரையில் உட்கார்ந்து திறந்தாள். உள்ளித்தீயல். வறுத்த தேங்காய் மணம் வீடு முழுக்கப் பரவியது. அந்தக் குழம்பு வைக்க அவளுக்குத் தெரியாது. நாகர்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தால் மாமியாரிடம் கற்றிருப்பாள். உப்பு மட்டும் ஒரு கல் குறைவாக, அவள் கை போடுகிற அளவிலேயே இருந்தது. மறுசோறு போட்டுக்கொண்டு தின்றாள்.

வாங்கிய பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். டீச்சர் தூக்குவாளியைத் தேய்த்துக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, வீடு முழுக்கத் தேடினாள். புருஷனும் பிள்ளையும் வீடும் இருக்கிறவளுக்கு, இந்த வீட்டிலிருந்து எதைக் கொடுப்பது? அரிசிப் பானையைத் திறந்து மூடினாள், அலமாரியைத் திறந்து மூடினாள். கடைசியில் பள்ளிக்கூடத்துப் பையிலிருந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்து, வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று வாளி நிறைய அடுக்கி, அந்தச் சேலைக் கிழிசலாலேயே கட்டி, காலை பஸ்ஸில் கொடுத்து அனுப்பினாள்.

அன்று மாலை அவள் வகுப்பை முடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தபோது பஸ் முன்னமே வந்து நின்றிருந்தது. ஞானமுத்து சிரித்துக்கொண்டே படியில் நின்றார்.

"குடுத்தேன் டீச்சர். பஸ்ஸு கெளம்ப நேரம் இருந்துச்சுல்லா, அங்கயே பிரிச்சிட்டாவ. பஸ் ஸ்டாண்டுத் தரை முழுக்க எழுதிப் போட்டாவ. தாயும் பிள்ளையும் மண்டி போட்டு உக்காந்து எழுதுதாவ, போற வாற சனம்லாம் சுத்திக்கிட்டுப் போவுது."

"என்ன எழுதுனா?"

"எனக்கென்ன தெரியும்? வளைஞ்சு வளைஞ்சு அலை மாதிரி ஏதோ. இங்க ஆரம்பிச்சு ரெண்டாப் பிரிஞ்சு அங்க போயிச் சேருது. அவிய பிள்ளைக்குப் பாடம் நடத்துதாவ. நல்ல சத்தமா நடத்துதாவ, இந்த ஸ்கூல்ல நீங்க நடத்துவியல்லா, அதே சத்தம்."

"பிள்ளை?"

"பிள்ளை எங்க பாடத்தைக் கேக்கு? அது பாம்பு, பாம்புன்னு கையைத் தட்டிக் குதிக்கு. ரெண்டு தலைப் பாம்பாம்."

டீச்சர் சிரித்தாள். அவள் சிரித்து ஞானமுத்து அந்த ஊரில் பார்த்ததில்லை, வடசேரியில் மஞ்சள் கயிற்றோடு பைக்கில் போனவளிடம்தான் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறார்.